டி.வி. நிகழ்ச்சி மீது புகார்: யாரிடம், எப்படி, எத்தனை நாளில்

திரையில் ஓடுவது தவறு என்று பட்டவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். சேனல், நிகழ்ச்சியின் பெயர், தேதி, மணி, நிமிடம் ஆகிய ஐந்தையும் அப்போதே ஒரு தாளில் குறித்துவையுங்கள். டி.வி. பற்றிய புகார்கள் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். "போன வாரம் ராத்திரி சீரியல்ல ஒரு குழந்தையை அடிச்சாங்க" என்று எழுதினால், சேனலில் அதைப் படிப்பவருக்கு எந்த நாள் பதிவை எடுத்துப் பார்ப்பது என்று தெரியாது. விவரம் கேட்டு உங்களுக்கே திருப்பி எழுதுவார். அந்த இடைவெளியில் நாட்கள் ஓடிவிடும்.

நாட்கள் ஓடுவது ஏன் முக்கியம் என்றால், ஒளிபரப்பான உள்ளடக்கத்தின் பதிவை சேனல் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தியாவில் சேனல்களுக்கு அனுமதி தரும் வழிகாட்டு நெறிகளில் உள்ள நிபந்தனை. அதற்குப் பிறகு பதிவு இல்லை என்று அவர்கள் சொன்னால் மறுப்பதற்கு வழியில்லை. உங்கள் கையில் ஒரு பதிவு இருப்பது நல்லது. செட்டாப் பாக்ஸில் ரெக்கார்டிங் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மறு ஒளிபரப்பின்போது கைப்பேசியில் சேனல் லோகோ தெரியும்படி அந்தக் காட்சியை மட்டும் எடுத்துவையுங்கள். ஆனால் புகாரில் முதல் ஒளிபரப்பின் நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். முதல் முறை ஓடியது மறு ஒளிபரப்பில் வெட்டப்பட்டிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் புகார் எழுதுவது பலரும் செய்யும் தவறு. அது எந்தச் சேனலில், எப்போது ஓடியது, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று தெரியாமல் எழுதினால், "முழு நிகழ்ச்சியையும் பாருங்கள்" என்ற ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். யூடியூபிலோ ஓடிடி செயலியிலோ பார்த்ததற்கு 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் வேறு பாதை வைத்திருக்கின்றன. இங்கே சொல்வது கேபிள், டி.டி.எச். வழியாக டி.வி.யில் வரும் தனியார் சேனல்களுக்கானது.

எங்கே அனுப்பக் கூடாது

டி.வி. உள்ளடக்கத்தை நேரடியாக விசாரித்துத் தண்டிக்கும் ஒற்றை ஆணையம் இந்தியாவில் இல்லை. அதனால்தான் புகார்கள் தவறான கதவைத் தட்டுகின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பார்ப்பது கட்டணம், சேவைத் தரம் ஆகியவற்றை. காட்சியும் வசனமும் அதன் வேலை அல்ல. பிரஸ் கவுன்சில் அச்சு ஊடகத்துக்கானது. தணிக்கை வாரியம் திரைப்படங்களுக்கானது. சீரியல்களும் செய்திகளும் ஒளிபரப்புக்கு முன் அதனிடம் போவதில்லை. உங்கள் தெரு கேபிள்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை. சேனல் அனுப்புவதை அவர் கடத்துகிறார், அவ்வளவுதான். அவரே நடத்தும் லோக்கல் சேனல் என்றால் கதை வேறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரியான பாதை 1995-இன் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்குகள் (ஒழுங்குமுறை) சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதன் கீழுள்ள விதிகளில் 2021 ஜூன் 17 அன்று ஒரு திருத்தம் வந்தது. அதுவரை வழக்கமாக மட்டும் இருந்ததை அது சட்டப்படியான மூன்று படிகளாக ஆக்கியது. முதல் படி சேனல். இரண்டாம் படி சேனல்கள் சேர்ந்து அமைத்துள்ள சுய ஒழுங்குமுறை அமைப்பு. மூன்றாம் படி மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். படியைத் தாண்டிக் குதித்து நேரே டெல்லிக்கு எழுதினால், பெரும்பாலும் காகிதம் கீழ்ப்படிக்கே திரும்பி வரும். நீங்கள் இழந்தது ஒரு மாதம்.

எந்த விதியை மீறியது

அந்தச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் விதி 6 என்பது நிகழ்ச்சி நெறிமுறை, விதி 7 விளம்பர நெறிமுறை. புகாரில் விதி எண் எழுத வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் எழுதினால் பதில் சொல்பவர் அந்த விதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எழுதாவிட்டால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று முடித்துவிடலாம். என்னைக் கேட்டால், முழுப் புகாரிலும் அதிகப் பலன் தரும் வரி இதுதான்.

விதி 6(1)-இல் அடிக்கடி உதவும் உட்பிரிவுகள் இவை. நல்ல ரசனையையும் கண்ணியத்தையும் புண்படுத்துவது ஏ. மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது சி. ஆபாசம், அவதூறு, வேண்டுமென்றே சொல்லும் பொய், அரை உண்மை ஆகியவை டி. வன்முறையைத் தூண்டுவது இ. தனிநபரையோ குழுவையோ இழிவுபடுத்துவது ஐ. மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது ஜே. பெண்களை இழிவாகக் காட்டுவது கே. குழந்தைகளை இழிவாகக் காட்டுவது எல். ஓர் இனத்தையோ மொழியினரையோ வட்டாரத்தாரையோ ஏளனமாகச் சித்திரிப்பது எம். இவை தவிர விதி 6(5) என்று ஒன்று தனியாக நிற்கிறது: குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் குழந்தைகளுக்குப் பொருந்தாத நிகழ்ச்சி ஓடக் கூடாது. மாலை ஏழு, எட்டு மணிச் சீரியல்கள் பற்றிய புகாரில் இதை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் எதிலும் அடங்காத மனக்குறையும் உண்டு. கதை இழுக்கிறது, கதாநாயகியை மாற்றிவிட்டார்கள், நடுவருக்கு ஒருவர் மேல் பாசம் என்பவை சேனலுக்கு எழுதும் ரசிகர் கடிதங்கள். அவற்றைப் புகாராக அனுப்பினால் உங்கள் பெயரில் அடுத்து வரும் உண்மையான புகாரின் கனமும் குறையும்.

ஒரு புகார், வரி வரியாக

ஒரு மாதிரியைப் பார்ப்போம், சம்பவம் கற்பனை.

"நிகழ்ச்சி: (தொடரின் பெயர்), (சேனல்). தேதி: 12.06.2025, வியாழன். நேரம்: இரவு 7.42 முதல் 7.46 வரை. காட்சி: பத்து வயதுச் சிறுமியைத் தூணில் கட்டி, பேய் ஓட்டுவதாகச் சொல்லி ஒரு சாமியார் வேப்பிலைக் கொத்தால் அடிக்கிறார். சிறுமி மயங்கி விழுகிறாள். எழுந்ததும் அவளுடைய காய்ச்சல் நீங்கிவிட்டதாகக் காட்டப்படுகிறது. பெற்றோர் சாமியாரின் காலில் விழுகிறார்கள். இதைத் தவறு என்று சொல்லும் பாத்திரம் அந்த எபிசோடில் இல்லை. மீறப்பட்ட விதிகள்: 6(1)(ஜே), 6(1)(எல்), 6(5). கோரிக்கை: இக்காட்சியை மறு ஒளிபரப்பிலிருந்து நீக்க வேண்டும், அதே நேரத்தில் வருத்தம் தெரிவிக்கும் அறிவிப்பை ஓடவிட வேண்டும்."

இதன் கீழே பெயர், முழு முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல், தேதி, கையெழுத்து. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

இந்த மாதிரியில் வேலை செய்யும் வரி எது என்று கவனியுங்கள். அடித்ததைக் காட்டியது மட்டும் குற்றச்சாட்டாக இருந்தால், "சமூகத்தில் நடப்பதைத்தான் காட்டினோம்" என்று சேனல் சொல்லிவிடும். காய்ச்சல் நீங்கியதாகவும் பெற்றோர் காலில் விழுந்ததாகவும் காட்டியதால்தான் கதை அந்தச் செயலை ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் அது மூடநம்பிக்கையை ஊக்குவிப்பதாகிறது. ஒரு கொடுமையைக் காட்டுவதும் அதற்குப் பரிந்து பேசுவதும் வேறு வேறு. புகாரில் இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரு விவரமாவது இருக்க வேண்டும்.

"நாட்டின் பண்பாடே சீரழிகிறது" போன்ற வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் மதிப்பிடுபவர் பார்க்கப்போவது அந்த நான்கு நிமிடத்தை மட்டுமே. அதேபோல் ஒரே வாசகத்தை நூறு பேர் பிரதியெடுத்து அனுப்புவதால் புகாருக்கு நூறு மடங்கு பலம் வந்துவிடாது. காட்சி விதியை மீறியதா என்பதுதான் கேள்வி, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதல்ல.

முதல் படி: சேனல்

புகார்களைக் கையாள ஓர் அதிகாரியைச் சேனல் நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் இணையதளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். மின்னஞ்சல் அனுப்புங்கள், கூடவே ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சேனலின் முகநூல் பக்கத்தில் கருத்து எழுதியதைப் புகார் என்று காட்ட முடியாது.

புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வர வேண்டும். 15 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். ஒப்புகை வரவில்லையென்றால் மூன்றாம் நாள் ஒரு வரி நினைவூட்டல் போதும்.

செய்தி சேனல் என்றால் இன்னும் வேகம் வேண்டும். அவற்றில் பலவும் உறுப்பினராக உள்ள செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தின் தர ஆணையமான என்பிடிஎஸ்ஏ, ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்குப் புகார் போயிருக்க வேண்டும் என்கிறது. எட்டாம் நாள் எழுதி, நல்ல புகார் காலதாமதத்தாலேயே தள்ளுபடியாவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே எந்தச் சேனலானாலும் ஒரு வாரத்துக்குள் அனுப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சேனலிடமிருந்து வரும் பதில்கள் சில அச்சுகளில்தான் இருக்கும். பொழுதுபோக்கு என்றால் மூன்று: இது கற்பனை, தொடக்கத்தில் பொறுப்புத் துறப்பு வாசகம் போட்டோம், பின்னால் வரும் எபிசோடில் தீயவர் தண்டிக்கப்படுவார். மூன்றாவதுக்கு எளிய மறுமொழி உண்டு. அன்று மாலை அந்தக் காட்சியைப் பார்த்த குழந்தை, முப்பது எபிசோடு கழித்து வரும் தண்டனையையும் பார்க்கும் என்று யார் உறுதி தருவது? பொறுப்புத் துறப்பு எத்தனை விநாடி ஓடியது, படிக்கும் அளவில் இருந்ததா, எந்த மொழியில் இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள்.

செய்தி விவாதம் என்றால், "அது விருந்தினரின் சொந்தக் கருத்து" என்பார்கள். இதற்கு நீங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். விருந்தினர் பேசியதை விட்டுவிட்டு, நெறியாளர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுங்கள். அவர் தடுத்தாரா, அல்லது எடுத்துக்கொடுத்தாரா? மறுதரப்புக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? திரையின் அடியில் ஓடிய எழுத்துகள், தலைப்புப் பட்டை, ஹேஷ்டேக் ஆகியவை என்ன? அவை விருந்தினர் எழுதியவை அல்ல. அவற்றைத் தேர்ந்தெடுத்தது சேனல்தான். பேச்சைவிட அந்த எழுத்துகளே புகாரைத் தாங்கி நிற்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆகவே திரையைப் படம் பிடித்துவையுங்கள்.

இரண்டாம் படி: சுய ஒழுங்குமுறை அமைப்பு

15 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், அதிலிருந்து 15 நாளுக்குள் மேல்முறையீடு. செய்தி சேனல் என்றால் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்பிடிஎஸ்ஏ-வின் கணக்கு அது. இரண்டு கணக்குகள் இருக்கும்போது சிறியதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

எந்த அமைப்பு என்பது சேனலைப் பொறுத்தது. பொழுதுபோக்கு சேனல்களில் பெரியவை பெரும்பாலும் 2011-இல் தொடங்கிய பிசிசிசி என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் குழுவின் கீழ் வருகின்றன. புகார் இருந்தால் எழுதுங்கள் என்று அதன் விவரத்தோடு திரையின் அடியில் ஓர் அறிவிப்பு அவ்வப்போது ஓடுமே, அது இதுதான். செய்தி சேனல்களுக்கு 2008-இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் தொடங்கிய ஆணையம் இப்போது என்பிடிஎஸ்ஏ என்ற பெயரில் இயங்குகிறது. வேறு அமைப்புகளும் உள்ளன. உங்கள் சேனல் எதில் உறுப்பினர் என்று தெரியாவிட்டால், முதல் புகாரிலேயே கடைசி வரியாகக் கேட்டுவிடுங்கள்.

விதிப்படி இந்த அமைப்புக்கு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியோ துறையில் பெயர்பெற்ற சுயேச்சையான ஒருவரோ தலைவராக இருக்க வேண்டும்; குறைந்தது 40 சேனல்களாவது உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் மேல்முறையீட்டை 60 நாளில் முடிக்க வேண்டும்.

அனுப்ப வேண்டியவை நான்கு: முதல் புகாரின் பிரதி, அனுப்பியதற்கான சான்று, சேனலின் பதில் (அல்லது பதில் வரவில்லை என்ற ஒரு வரி), அந்தப் பதில் ஏன் போதாது என்று ஒரு பக்கத்தில் உங்கள் மறுமொழி. புதிய குற்றச்சாட்டுகளை இங்கே சேர்க்காதீர்கள். சேனலிடம் சொல்லாததை மேலே சொன்னால், "எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை" என்ற வாதம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியும் என்பிடிஎஸ்ஏ-வுக்கு வேண்டும். வழக்குப் போட்டுவிட்டு இங்கேயும் வந்தால் எடுக்க மாட்டார்கள். எது உங்களுக்குத் தேவை என்று முதலிலேயே முடிவெடுங்கள்.

இங்கே என்ன கிடைக்கும்? அறிவுரை, எச்சரிக்கை, மன்னிப்பு அறிவிப்பு, எச்சரிக்கை வாசகம். இழப்பீடு கிடைக்காது. என்பிடிஎஸ்ஏ அபராதம் விதிக்கலாம். உச்சவரம்பாக 1 லட்சம் ரூபாயே நீண்ட காலம் இருந்தது. இந்தத் தொகை ஒரு சேனலை எப்படித் தடுக்கும் என்று 2023 ஆகஸ்டில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வே கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் அபராதத்தைவிடப் பயனுள்ள ஒரு நிவாரணம் உண்டு: அந்த நிகழ்ச்சியின் வீடியோவைச் சேனலின் இணையதளம், யூடியூப், எல்லா இணைப்புகளிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யும்படி ஆணையம் உத்தரவிடுவது. டி.வி.யில் ஒருமுறை ஓடியது யூடியூபில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கோரிக்கையில் இதைக் கட்டாயம் கேளுங்கள். யூடியூப் இணைப்பையும் கொடுங்கள்.

மூன்றாம் படி: அமைச்சகம்

இரண்டாம் படியின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் 15 நாளுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு மேல்முறையீடு. அங்கே துறைகளுக்கு இடையிலான ஒரு குழு இதைப் பார்க்கிறது. அமைச்சகத்தின் கூடுதல் செயலர் தலைவர். உள்துறை, பெண்கள் குழந்தைகள் மேம்பாடு, வெளியுறவு, பாதுகாப்பு உள்ளிட்ட அமைச்சகங்களின் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். குழு பரிந்துரைக்கும், உத்தரவு அரசினுடையது. கண்டிப்பது, மன்னிப்புக் கேட்கச் சொல்வது, காட்சியை நீக்கச் சொல்வது முதல் குறிப்பிட்ட காலத்துக்கு நிகழ்ச்சியையோ சேனலையோ நிறுத்திவைப்பது வரை பரிந்துரைக்கலாம்.

கடைசியாகச் சொன்னது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2007 ஜனவரியில் ஏஎக்ஸ்என் சேனலை இரண்டு மாதம் நிறுத்த அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், டெல்லி ஆசிரியை ஒருவரைப் பற்றிப் பொய்யான ரகசியப் படப்பிடிப்பை ஒளிபரப்பிய லைவ் இந்தியா சேனல் ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அந்த ஒளிபரப்பால் கலவரமே வந்தது, ஆசிரியை தாக்கப்பட்டார். சேனலை மூடும் அதிகாரம் அரசிடம் இருப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்தாகவும் மாறலாம் என்பதால், சிறிய தவறுக்கெல்லாம் "சேனலைத் தடை செய்க" என்று கோருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தவறின் அளவுக்கு ஏற்ற கோரிக்கையே நிறைவேறும் கோரிக்கை.

விளம்பரமும் லோக்கல் சேனலும்

விளம்பரம் என்றால் 1985 முதல் இயங்கும் மும்பையின் இந்திய விளம்பரத் தர மன்றத்திடம் போங்கள். அதன் நெறிமுறையை மீறும் விளம்பரம் கேபிளில் ஓடக் கூடாது என்று விதி 7(9) சொல்வதால், அதன் முடிவுக்குச் சட்டத்தின் பின்பலம் உண்டு. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம், நிகழ்ச்சியைவிட அலறும் சத்தம், அற்புத சக்தி உள்ளதாகச் சொல்லும் மோதிரமும் யந்திரத் தகடும் எல்லாமே விதி 7-க்குள் வருகின்றன. நிமிடக் கணக்கைப் புகாராக்குவதானால் ஒரு மணி நேரம் முழுதும் உட்கார்ந்து ஒவ்வொரு இடைவேளையின் தொடக்கத்தையும் முடிவையும் எழுதியாக வேண்டும். தோராயமாகச் சொன்னால் எடுபடாது.

கேபிள் ஆபரேட்டர் தானே நடத்தும் லோக்கல் சேனலில் ஆபாசமோ சாதி, மத வெறுப்போ ஓடினால், பாதை குறுகியது. மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர், காவல் ஆணையர் ஆகியோர் சட்டப்படி அதிகாரம் பெற்ற அலுவலர்கள். நெறிமுறையை மீறும் நிகழ்ச்சியைத் தடுக்கப் பிரிவு 19 அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழு அமைக்க 2005-லேயே மத்திய அரசு உத்தரவிட்டது. அதில் மகளிர் கல்லூரி முதல்வர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஆகியோருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை ஆட்சியரிடமே கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளலாம். பெரிய செயற்கைக்கோள் சேனல் பற்றிய மனுவை அங்கே கொடுத்தால் மேலே அனுப்பிவைப்பார்கள், அவ்வளவே.

சில விஷயங்களில் இந்தப் படிகளில் ஏறக் காத்திருக்கவே கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், பள்ளி, வீடு ஆகியவற்றில் ஏதாவது திரையில் வந்தால், அது போக்சோ சட்டத்தின் பிரிவு 23-இன்படி குற்றம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமே. அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். சேனலுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அந்தக் காட்சியை இணைக்காதீர்கள். நேரத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும்; இல்லையேல் அடையாளத்தை நீங்களும் பரப்பியவராவீர்கள்.

அமைச்சகத்துக்கு அனுப்பிய மேல்முறையீடு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். "என் புகார் மீது என்ன நடவடிக்கை" என்று மட்டும் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். மேல்முறையீடு கிடைத்த தேதி, குழுவின் முன் வைக்கப்பட்ட தேதி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் பிரதி, சேனலுக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். தனியார் சேனலிடம் இந்தச் சட்டத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அது அமைச்சகத்துக்கு எழுதிய விளக்கம் அமைச்சகத்தின் கோப்பில் இருக்கும். அதன் பிரதியை அங்கே கேட்கலாம்.